குஷன் உறையில் அறிவியலின் பழைய படங்கள்: உப்புக்காற்று ஊரில் சயனோடைப் அச்சு

அறிவியல் வரலாற்றின் பழைய ஒளிப்படங்களைக் குஷன் உறையில் ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் அச்சு, அதாவது சாயத்தைச் சூட்டால் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் முறை. கோப்பைக் கொடுத்தால் கடைக்காரர் 190 முதல் 200 டிகிரிச் சூட்டில் ஒரு நிமிடத்துக்குள் அழுத்தித் தந்துவிடுவார். சாயம் கெட்டியாக நிற்கும், எப்படியும் துவைக்கலாம். ஆனால் பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்த ஊரிலும் சித்திரை மாதத்துப் பகலில் அதில் கன்னம் வைத்துப் படுக்க முடியாது.

இன்னொன்று, பருத்தித் துணியில் சயனோடைப், அதாவது இரும்பு உப்புக் கரைசலைப் பூசி, வெயில் காட்டி, தண்ணீரில் அலசி நீலப் படம் எடுப்பது. ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த முறை இது. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் இதே முறையில் பிரித்தானியக் கடற்பாசிகளைப் பதிவுசெய்து பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களோடு வந்த முதல் நூல் அதுதான் என்று கருதப்படுகிறது. பாசிகளின் பெயர்களைக்கூட அவர் கையால் எழுதி, அதே நீலத்தில் அச்சாக்கினார். அவர் பயன்படுத்திய அதே இரண்டு உப்புகளை வைத்து, கடற்பாசிக்குப் பேர்போன மண்டபத்துக் கரையில் நாமும் அச்சிடலாம் என்பதால் இந்த வழியைத்தான் பரிந்துரைக்கிறோம். வெயிலுக்கு இங்கே குறைவில்லை. வேலையைக் கெடுப்பவை தண்ணீரும் ஈரக்காற்றும். பிற ஊர்களுக்காக எழுதிய குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கே பலிக்காமல் போவதற்கு இவைதான் காரணம்.

எந்தப் படம் துணியில் நிற்கும்

துணி என்பது இழைகளின் பின்னல். நுணுக்கமான சாம்பல் நிற வேறுபாடுகள் அதில் கரைந்துவிடும். தெளிவான உருவமும் வலுவான ஒளி-இருள் வேறுபாடும் கொண்ட படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்சன் பென்ட்லியின் பனிப்படிகங்கள் முதல் முயற்சிக்கு மிகப் பொருத்தம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில், 1885 ஜனவரியில் நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி முதல் பனிப்படிகத்தைப் படமெடுத்தவர் அவர். படிகம் வெள்ளை, பின்னணி இருட்டு. அச்சில் நீலத்தின் நடுவே வெள்ளைப் படிகமாக வரும். ஆறு முகச் சமச்சீர் உள்ள உருவம் சதுர உறையின் நடுவில் அழகாக உட்காரும்.

எட்வேர்ட் மைப்ரிட்ஜின் ஓடும் குதிரை, 1878, திண்டுக்கு ஏற்றது. 12 கேமராக்கள் அடுத்தடுத்து எடுத்த கட்டங்களைத் திண்டின் நீளவாக்கில் ஒரே வரிசையாக வைக்கலாம். குதிரை நிழலுருவாகவே இருப்பதால் எதுவும் இழக்காது. கட்டங்களின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நான்கு காலும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்று காட்டியதே அந்தப் படத்தின் சாதனை. அந்தக் கட்டத்தை வெட்டிவிட்டால் படத்துக்குப் பொருளே இல்லை.

1919 மே 29 சூரிய கிரகணப் படமும் நன்றாக வரும். ஒளி சூரியனருகே வளைகிறதா என்று பார்க்க, பிரேசிலின் சோப்ரல், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபே ஆகிய இரண்டு இடங்களிலிருந்தும் எடுத்த தட்டுகள் அவை. இணையத்தில் இந்தப் படம் நெகட்டிவாகவும் பாசிட்டிவாகவும் கிடைக்கிறது. வானம் இருட்டாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நிலவின் வட்டமும் வானமும் நீலமாக, ஒளிவளையம் மட்டும் வெள்ளையாக நிற்கும்.

எக்ஸ்ரே கையில் எச்சரிக்கை வேண்டும். எக்ஸ்ரேயைக் கண்டறிந்த வில்லெம் ரோண்ட்கன் தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையை 1895 டிசம்பர் 22 அன்று எடுத்தார். ஆனால் அந்தப் பெயரில் பரவலாகச் சுற்றுகிற தெளிவான படம் பல நேரங்களில் அன்னா பெர்த்தாவுடையது அல்ல. 1896 ஜனவரி 23 அன்று வூர்ஸ்பர்க் கூட்டத்தில் எடுத்த, உடற்கூறியலாளர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கரின் கை அது. இரண்டிலும் மோதிரம் உண்டு என்பதால் குழப்பம். அன்னா பெர்த்தாவின் படம் கலங்கலாக இருக்கும், விரல்களும் அவ்வளவு துல்லியமாக இராது. எதை அச்சிட்டாலும் சரியான பெயரைப் போடுங்கள். பொய்த் தலைப்போடு வீட்டில் கிடக்கும் படத்தை நாலு குழந்தைகள் பார்த்து அப்படியே கற்றுக்கொள்வார்கள்.

விற்பதற்காகச் செய்கிறவர்கள் உரிமையைப் பார்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒளிப்படம் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் காப்புரிமை இருக்கும். அட்கின்ஸ் 1871இலும், மைப்ரிட்ஜ் 1904இலும், ரோண்ட்கன் 1923இலும், பென்ட்லி 1931இலும் இறந்தவர்கள், தடையில்லை. 1952இல் டி.என்.ஏ.வைப் பதிவுசெய்த ‘51ஆம் எண் படம்’ அப்படியல்ல. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் வழிகாட்டலில் அதை எடுத்த ரேமண்ட் காஸ்லிங் 2015 வரை வாழ்ந்தவர். அனுமதியில்லாமல் விற்பனைக்கு வேண்டாம். நாசா படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை. 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8இலிருந்து எடுத்த புவி உதயத்தை அச்சிடலாம், நாசாவின் சின்னத்தைப் போடக்கூடாது. கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் நூறாண்டுப் பழைய சூரியப் படங்களுக்கு ஆசைப்படுவோர் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

நெகட்டிவ்

வெயில் பட்ட இடம் நீலமாகும், படாத இடம் வெள்ளையாக நிற்கும். எனவே துணிமேல் வைக்கும் ஃபிலிமில் ஒளியும் இருளும் தலைகீழாக இருக்க வேண்டும். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டி, நெகட்டிவாக மாற்றி, கடைசியில் இடவலமாகத் திருப்பிச் சேமியுங்கள். திருப்பினால்தான் மை உள்ள பக்கத்தைத் துணியோடு ஒட்ட வைக்க முடியும். மைக்கும் துணிக்கும் நடுவே ஃபிலிமின் கனம் வந்தால் ஓரங்கள் மங்கும்.

11 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 150 புள்ளி போதும்; அதாவது 1,650 பிக்சல். அதற்கு மேல் துணி வாங்காது. இங்க்ஜெட் பிரிண்டருக்கான ஒளிபுகும் ஃபிலிமில், ஏ3 அளவில், மிக அடர்த்தியான தரத்தில் எடுங்கள். ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்டரில் எடுத்தால் கறுப்பு ஓட்டையாக இருக்கும். வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அப்போது ஒரே கோப்பை இரண்டு தாளில் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி ஒட்டலாம். ஆனால் லேசர் சூட்டில் தாள் இம்மியளவு சுருங்குவதால் பெரிய படத்தில் ஓரங்கள் ஒத்துப்போகாது. கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்கிரீன் அச்சு போடும் கடைகளில் ஃபிலிம் எடுத்துத் தருவார்கள். கொஞ்சம் செலவு, ஆனால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும்.

படத்தின் கீழே பெயரும் ஆண்டும் ஒரு வரி சேருங்கள். எழுத்தின் உயரம் 6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எழுத்துரு தடிமனாக இருக்க வேண்டும். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். இழைக்குள் விழுந்து மறைந்துவிடும், ‘ரோண்ட்கன்’ ‘ரோணடகன’ ஆகிவிடும்.

துணி

நூறு சதம் பருத்தி, நெருக்கமான நெசவு, சாயமும் பளபளப்புப் பூச்சும் இல்லாதது. வெளுத்த பாப்ளின் நுணுக்கம் காட்டும். காடாத்துணியில் நீலம் கொஞ்சம் பழுப்போடு கனிவாக வரும். நிலாவுக்கும் பாசிக்கும் நன்றாயிருக்கும், பனிப்படிகத்துக்குப் பொருந்தாது. பரமக்குடிப் பக்கம் தறி வைத்திருப்பவர்களிடம் கஞ்சி போடாத வெள்ளைத் துணி கேட்டுப் பார்க்கலாம்.

கடைத் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும். பிறகு பூசப்போகும் மருந்துக் கரைசல் உள்ளே இறங்காது. 5 லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, நான்கைந்து முறை அலசுங்கள். கடைசி அலசலில் 5 லிட்டருக்கு 50 மில்லி வெள்ளை வினிகர் சேருங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். சோடா துணியில் மிச்சமிருந்தால் பிறகு வரும் நீலத்தை அதுவே தின்றுவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும்; முத்தாக நின்றால் மறுபடி கொதிக்கவிடுங்கள்.

காய்ந்து சுருங்கிய பிறகே வெட்டுங்கள். 16 அங்குல உறைக்கு முன்பக்கம் 18 அங்குலச் சதுரமாக வெட்டிக்கொண்டு, அச்சு முடிந்தபின் 17க்குக் கத்தரிக்கலாம்.

மருந்து

முதல் கரைசல்: பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், தண்ணீர் 100 மில்லி.
இரண்டாம் கரைசல்: பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், தண்ணீர் 100 மில்லி.

இரண்டும் மதுரையில் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். கரைக்க வாலை வடிநீரோ பிடித்து வைத்த மழைநீரோ பயன்படுத்துங்கள். தனித்தனி பழுப்பு பாட்டிலில் வையுங்கள். பூசுவதற்குச் சற்று முன்பு சம அளவு கலந்தால் போதும். கலந்தது ஒரு நாளுக்கு மேல் நிற்காது. 18 அங்குலத் துண்டு ஒன்றுக்குச் சுமார் 40 மில்லி கலவை பிடிக்கும். ஆக மேலே சொன்ன அளவில் ஐந்து உறை செய்யலாம்.

சிட்ரேட் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் களியாகிவிடும். கடலோரத்தில் டப்பாவை ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே போதும். வாங்கியதும் 25 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா பையோடு வையுங்கள். அதன் கரைசலில் சில வாரங்களில் பூஞ்சை படரும். மேலே மிதப்பதை வடிகட்டினால் பயன்படுத்தலாம், ஆனால் குறைவாகக் கரைப்பதே உத்தமம்.

கையுறை போடுங்கள். சமையல் பாத்திரமும் சமையல் தராசும் இதற்கு ஆகாது. ஃபெரிசயனைடை அடுப்பில் சூடாக்கவோ, கழிவறை கழுவும் ஆசிட் போன்ற வலுத்த அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது, நச்சு வாயு வரும். வினிகர் அளவுக்கு மெல்லிய அமிலத்தால் ஆபத்தில்லை. மீந்த கலவையை ஊருணியிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். பழைய துணியில் பூசி வெயிலில் காயவைத்தால் கரையாத நீலமாக மாறிவிடும். பிறகு குப்பையில் போடலாம்.

பூசுவதும் காயவைப்பதும்

ராத்திரியில், ஜன்னல் மூடிய அறையில், மங்கிய மஞ்சள் குண்டுபல்பு வெளிச்சத்தில் பூசுங்கள். துணியைப் பிளாஸ்டிக் விரிப்பில் இழுத்து மாட்டி, இரும்புப் பட்டையில்லாத பிரஷ்ஷாலோ ஸ்பாஞ்சாலோ குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். தேங்கி நிற்கக் கூடாது. பிழிந்தால் சொட்டக் கூடாது. நிறம் இளம் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும்.

பிறகு கொடியில் போட்டு மின்விசிறியை வையுங்கள். வறண்ட ஊர்களில் ஒரு மணி நேரத்தில் காய்வது இங்கே மூன்று மணி நேரமும் எடுக்கும். ஈரம் நின்ற துணி தானாகவே சாம்பல் நீலத்துக்கு மாறத் தொடங்கும், அச்சில் வெள்ளை வெள்ளையாக வராது. கடற்காற்று ஜன்னலைத் திறந்து வைத்துக் காயவைப்பது இங்கே அடிக்கடி நடக்கிற பிழை. மூடிய அறை, உள்ளே சுழலும் காற்று, அதுதான் சரி. பூசியதை மறுநாள் உச்சிக்குள் வெயிலில் வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் வைத்திருந்தால் கெட்டுவிடும்.

வெயில்

பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், துணி, மை முகம் கீழாக நெகட்டிவ், அதன்மேல் 5 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி. ஓரங்களில் கிளிப். இந்த வரிசையில் நிழலிலேயே கட்டிவிட்டு வெளியே எடுத்துச் செல்லுங்கள்.

காலை 10 முதல் 2 மணிக்குள் வேலையை முடியுங்கள். சித்திரை, வைகாசியில் 6 முதல் 10 நிமிடம். தையில் 12 முதல் 15. இது தொடக்கக் கணக்கு மட்டுமே. உங்கள் நெகட்டிவின் அடர்த்தியைப் பொறுத்து மாறும். எனவே பூசிய துணியில் ஒரு பட்டையை வெட்டி, அட்டையால் மூடி, 4, 6, 8, 10, 12 நிமிடம் என்று நகர்த்திச் சோதியுங்கள். திறந்த ஓரம் முதலில் நீலமாகி, பின் வெள்ளி படர்ந்த சாம்பல் நிறம் ஆகும். அந்தச் சாம்பல் வரும்வரை எடுக்காதீர்கள். வெறும் நீலத்தில் எடுத்தால் பாதி அலசலில் போய்விடும்.

கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படர்ந்தால் துணி சரியாகக் காயவில்லை என்று பொருள். மையும் கரைந்து படத்தில் ஒட்டும். ஆடிக்காற்றில் மணல் பறக்கும் நாட்களில் கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே விழும் ஒவ்வொரு மணலும் ஒரு வெள்ளைப் புள்ளி. கட்டும் வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் மேகம் வந்து வந்து போகும், நிமிடக் கணக்கு நிற்காது. அந்த மாதங்களைத் தையலுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அலசல்: இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது

நீலம் பிரஷ்யன் நீலம் என்ற இரும்புச் சேர்மம். வெயிலின் புற ஊதாக் கதிர் ஃபெரிக் இரும்பை ஃபெரஸ் ஆக்க, அது ஃபெரிசயனைடோடு சேர்ந்து இழைக்குள் கரையாத நிறமியாகப் படிகிறது. அமிலம் அதற்கு ஒத்துக்கொள்ளும். காரம் ஒத்துக்கொள்ளாது, காரத்தில் நீலம் உடைந்து இரும்புத்துரு மஞ்சளாக மிஞ்சும்.

நம் கரையில் பல ஊர்களின் போர் தண்ணீர் உப்பும் காரத்தன்மையும் கொண்டது. வெயிலில் அருமையாக வந்த அச்சு அந்தத் தண்ணீரில் பத்து நிமிடத்தில் வெளிறுவதைப் பார்க்கலாம். பலரும் வெயில் போதவில்லை என்று நினைத்து நேரத்தைக் கூட்டுவார்கள், மறுபடியும் வெளிறும். குற்றம் வாளியில் இருக்கிறது. அமில-கார அளவைக் காட்டும் பி.எச். காகிதத்தை நனைத்துப் பாருங்கள். 7க்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரை நேராகப் பயன்படுத்தக் கூடாது.

மூன்று வாளி வையுங்கள். முதல் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வெள்ளை வினிகர். போர் தண்ணீர் என்றால் காகிதம் 5 அல்லது 6 காட்டும்வரை கூட்டுங்கள். அதில் துணியை முகம் கீழாக 5 நிமிடம் அசைத்துக்கொண்டே இருங்கள். மஞ்சள் கரைந்து வரும். இரண்டாம் வாளியிலும் மூன்றாம் வாளியிலும் குழாயில் வரும் காவிரிக் குடிநீரோ மழைநீரோ இருக்கட்டும். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் சாயல் துளிகூட இல்லாமல் போகும்வரை அலசுங்கள், பொதுவாக 15 நிமிடம். மஞ்சள் மிச்சமிருந்தால் பின்னால் வெளிச்சம் படப் பட வெள்ளை நீலமாகும். உப்புத் தண்ணீரோடு அலசலை முடித்தாலும் தொல்லைதான். துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து உறையை எப்போதும் பிசுபிசுப்பாக வைத்திருக்கும்.

முழு நீலம் தெரிய ஒரு நாள் ஆகும். உடனே பார்க்க வேண்டுமானால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து ஒரு நிமிடம் முக்கி அலசுங்கள். நிழலில் காயப் போடுங்கள்.

அட்கின்ஸ் வழியில், நெகட்டிவ் இல்லாமல்

கரையில் ஒதுங்கும் பாசியை நேரே வைத்தும் அச்செடுக்கலாம். கஞ்சிப்பாசியின் மெல்லிய கிளைகள் மிகத் தெளிவாக விழும். கட்டக்கோரையின் காற்றுமுட்டைகள் கண்ணாடியைத் தூக்கிவிடுவதால் அவற்றைக் கிள்ளிவிட வேண்டும். பக்கோடாப் பாசி தடிமனானது, வெறும் திட்டாகத்தான் வரும். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, செய்தித்தாள்களுக்கு நடுவே பாரம் வைத்து இரண்டு மூன்று நாள் காயவையுங்கள், தாளை அன்றாடம் மாற்றுங்கள். ஈரப்பாசியை வைத்தால் சாறு மருந்தில் கலந்து கறையாகும். பச்சை இலை போன்ற மெல்லிய பாசியின் ஊடாகக் கொஞ்சம் வெளிச்சம் போகும். அதற்கு நேரத்தை இரண்டு நிமிடம் குறைத்தால் இதழின் மடிப்புகூட அச்சில் தெரியும்.

மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. கடல் விசிறி, பவளம், கடல்குதிரை ஆகியவை கரையில் செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

தையலும் பராமரிப்பும்

முன்பக்கம் 17 அங்குலச் சதுரம். பின்பக்கம் 17க்கு 11.5 அங்குலமாக இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை ஓர் அங்குலம் மடித்துத் தைத்தால் 10.5 ஆகும், ஒன்றன்மேல் ஒன்று 4 அங்குலம் ஏறி உட்காரும். அரை அங்குலம் விட்டுச் சுற்றித் தைத்துத் திருப்பினால் 16 அங்குல உறை. ஜிப் தேவையில்லை. போட்டே ஆகவேண்டுமானால் நைலான் பல், பிளாஸ்டிக் இழுவை. உலோகம் உப்புக்காற்றில் துருப்பிடித்து உறையில் கறை இறக்கும். இஸ்திரியை மிதச் சூட்டில், பின்புறமாகப் போடுங்கள்.

உள்ளே 17 அங்குலத் தலையணை வைத்தால் உறை புடைத்து நிற்கும். இலவம்பஞ்சு சுமார் அரைக் கிலோ பிடிக்கும். அதன் இழையில் இயற்கையாகவே மெழுகு இருப்பதால் பருத்திப் பஞ்சைப் போல ஈரம் குடித்துக் கட்டி தட்டாது. வெயிலில் காயவைக்கும்போது உறையைக் கழற்றிவிடுங்கள்.

துவைக்கப் பூந்திக்கொட்டை நுரைதான் சிறந்தது. அது லேசான அமிலத்தன்மை உடையது. சலவைத் தூள், பார் சோப்பு, சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர் எதுவும் படக்கூடாது. ஒருமுறை சோப்புத்தூளில் ஊறப்போட்டுப் போன நீலம் திரும்பாது. வெளிச்சத்தில் வெளிறிய நீலம் மட்டும் திரும்பும்: வாசலோர நாற்காலியில் கிடந்து மங்கிய உறையைச் சில நாள் இருட்டு அலமாரியில், காற்றுப் படும்படி விரித்து வையுங்கள், பெரும்பகுதி மீண்டு வரும். விற்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் வைத்துக் கொடுங்கள்.